முப்பத்தொரு விலாசங்கள்

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். அந்த ஊரில் அந்த வருடம் மணியோசை கேட்கவே இல்லை. பலமொழி விழாவுக்கு முதல்முறையாகப் பொதுநிதியிலிருந்து பணம் கொடுப்பதென்று நகரமன்றம் தீர்மானம் போட்ட மறுநாள், விண்ணப்ப ஜன்னலுக்கு முன்னால் ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை.

ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு அது சரியாகப் படவில்லை. பத்தொன்பது வருடமாக அவளுக்கு அதே நாற்காலி, அதே மேஜை. எந்தத் தாளும் அவள் முத்திரை விழாமல் உள்ளே போகாது என்பதால் ஊரே அவளை முத்திரையம்மா என்றுதான் கூப்பிட்டது. ஊர்க்காரர்களின் குணம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். தண்ணீர் வரி கொஞ்சம் ஏறினால் கண்ணாடியைத் தட்டுவார்கள். நாய்க்கு உரிமம் வாங்கச் சொன்னால் நாயையே தூக்கிவந்து மேஜைமேல் உட்கார வைப்பார்கள். அப்படிப்பட்டவர்கள் அன்று வரிசையில் நின்று, தங்கள் வேலையை முடித்துக்கொண்டு, சில்லறையைச் சரிபார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள்.

குளிர்பதனக் கிடங்கும் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையும் வந்ததிலிருந்து ஊரில் ஏழெட்டு மொழி பேசுகிறவர்கள் குடியேறியிருந்தார்கள். மூன்று வருடமாக அவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு, சந்தை மைதானத்தின் ஒரு மூலையில் விழா நடத்தினார்கள். ஊர்க்காரர்களும் குடும்பத்தோடு போனார்கள், சாப்பிட்டார்கள், பிள்ளைகளைத் தோளில் தூக்கிவைத்து ஆட்டம் காட்டினார்கள். அப்போதெல்லாம் யாருக்கும் ஒரு வருத்தமும் இல்லை. இந்த வருடம் மன்றத்தில் ஐந்துக்கு நாலு என்று ஓட்டு விழுந்து நிதி கிடைத்ததும்தான் காற்று மாறியது.

"சொந்தக் காசுல ஆடினா கலை. ஊர்க் காசுல ஆடினா கொள்ளை" என்றான் அவள் கணவன். அவன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். நாள் முழுக்க முதுகுக்குப் பின்னால் ஊர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே ஓட்டுவதால் அவன் சொன்னால் சரியாக இருக்கும்.

"நிஜமாவே அப்படிப் பேசுறாங்களா?"

"பேசிக்கிட்டிருந்தாங்க. ரெண்டு நாளா நான் திரும்பிப் பாத்தா நிறுத்திடுறாங்க. அதுதான் எனக்குப் பிடிக்கல."

நிதிக்கு ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்று மன்றம் பதினைந்து நாள் அவகாசம் விட்டது. முதலில் வந்த கடிதங்கள் கையால் எழுதியவை. பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுகிறது, அதற்கு இல்லாத காசு விழாவுக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு வாத்தியார் கேட்டிருந்தார். தெருவிளக்கு எரிந்து நாலு மாதமாகிறது என்று ஒரு கிழவர் எழுதியிருந்தார். இரண்டையும் படித்தபோது முத்திரையம்மாவுக்கே நியாயமாகத்தான் பட்டது. அந்த நிதியை வைத்துக் கூரையில் பாதியைக்கூட மாற்ற முடியாது என்பது வேறு விஷயம்; கேட்பதில் தப்பில்லையே. எட்டாம் நாளிலிருந்து வந்தவை அச்சடித்த தாள்கள். எல்லாவற்றிலும் ஒரே வரிதான் இருந்தது: "யாருடைய பணம், யாருடைய ஊர் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறோம்." கீழே கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். ஒரே நாளில் இருநூறு தாள் வந்தது. கொண்டுவந்து கொடுத்தவர்கள் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் அண்ணன் வந்தார்.

அவளுக்கு ஒரே அண்ணன். அவளுக்கு ஒன்பது வயதாகும்போது அப்பா போய்விட்டார். பதினெட்டு வயசில் இரும்புச் சாமான் கடையைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு, தங்கையைப் படிக்கவைத்து, வேலையில் சேர்த்து, கட்டிக்கொடுத்த மனுஷன். பள்ளிக்கூடத்துக்கு இரும்புக் கதவு வேண்டுமென்றாலும், அடக்கம் பண்ணக் காசில்லாத வீட்டுக்கு உதவி வேண்டுமென்றாலும் ஊர் போய் நிற்கும் இடம் அவர் கடைதான். அலுவலகத்துக்கு அவர் வருவதே அபூர்வம். வந்தால் வரிசையில்தான் நிற்பார்; தங்கை இருக்கிறாள் என்று முன்னால் வரமாட்டார்.

அன்றும் வரிசையில் நின்று வந்து, ஒரு விண்ணப்பத்தை ஜன்னலுக்குள் நீட்டினார். விழாவில் கடை போட விண்ணப்பித்தவர்களின் முழுப் பட்டியல் வேண்டும் என்று எழுதியிருந்தது. பெயரும் வீட்டு விலாசமும் கேட்டிருந்தார்.

"எதுக்குண்ணே இது?"

"நகர நல விரும்பிகள்னு ஒரு குழு ஆரம்பிச்சிருக்கோம். அவங்ககூட உக்காந்து பேசலாம்னு. ஆளுக்கொரு லெட்டர் போட்டுக் கூப்பிடணும்ல?"

"அதுக்கு விழாக் குழுத் தலைவிகிட்டப் பேசினா போதுமே. கடைத்தெருவுல தைக்கிறாங்களே, அவங்கதான்."

"ஒருத்தர்கிட்டப் பேசினா ஒருத்தர் பேச்சுதானே கேக்கும்." அவர் சிரித்தார். "பொதுப்பணம் போற இடத்துக் காகிதம் எல்லாம் பொதுவுக்குத் தெரியணும்னு நீங்கதானே போர்டு மாட்டியிருக்கீங்க?"

மாட்டியிருந்தார்கள். அவள் தலைக்கு மேலேயே தொங்கியது. அந்த விதிக்கு ஒரு வாலும் உண்டு என்பது அவளுக்குத் தெரியும்: சொந்த விவரங்களைக் காகிதம் கொடுக்கும் அலுவலர் தன் யோசனைப்படி மறைக்கலாம். மறைக்க வேண்டும் என்று இல்லை, மறைக்கலாம் என்றுதான் இருந்தது. அவள் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனாள். மேலாளர் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்தே ஓய்வுபெறும் வயதுக்கு வந்தவர்.

"விதிப்படி பண்ணுங்க" என்றார், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"விலாசத்த மறைக்கவா சார்?"

"அது உங்க யோசனை. விதியிலயே அப்படித்தானே இருக்கு?"

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். முப்பத்தொரு கடைகளின் பட்டியல், மூன்று பக்கம். கறுப்பு மையால் அழிக்க ஐந்து நிமிடம் போதும். பேனாவை எடுக்கவும் செய்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அண்ணன், தனக்குப் பின்னால் நின்ற கிழவிக்குத் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றார். நடுமண்டையில் முடி கொட்டிப்போயிருந்தது. இந்த மனுஷனிடம் போய் எதை மறைப்பது என்று அவளுக்குத் தோன்றியது. மூன்று பக்கத்தையும் நகலெடுத்து, ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

"நல்லா இரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை, தையல்காரம்மா ஜன்னலுக்கு வந்தாள். ஊருக்கு வந்து பதினைந்து வருடம் ஆகியும் இந்த மொழியில் எண்ணி எண்ணித்தான் பேசுவாள். பேசுவது ஒன்றும் தப்பாக இருக்காது. ஊரில் பாதிப் பெண்களின் அளவு அவள் நோட்டில் இருந்தது. வரிசை கலையும் வரை ஓரமாக நின்றுவிட்டு, ஒரு உறையை மேஜைமேல் வைத்தாள்.

உள்ளே ஒரு புகைப்படம் மட்டும் இருந்தது. கடிதம் கிடையாது, மிரட்டல் கிடையாது. பச்சை வர்ணம் அடித்த ஒரு வீட்டுக் கதவு; வாசலில் ஒரு குழந்தையின் செருப்பு, ஒன்று குப்புற விழுந்து கிடந்தது. பகல் வெளிச்சத்தில், நிதானமாக, நேருக்கு நேர் நின்று எடுத்த படம்.

"இது என் தங்கச்சி வீடு" என்றாள் தையல்காரம்மா. "என் வீட்ல தபால் பெட்டி இல்ல. அதனால விண்ணப்பத்துல மட்டும் தங்கச்சி விலாசம் எழுதினேன். பேரு என்னோடது, விலாசம் அவளோடது. கவர்லயும் அப்படியேதான் இருக்கு. நான் அத வேற எங்கயும் எழுதல. உங்ககிட்டக் குடுத்த தாள்ல மட்டும்தான் எழுதினேன்."

முத்திரையம்மா படத்தை உறைக்குள் திரும்ப வைத்தாள்.

"மத்தவங்களுக்கும் வந்திருக்கா?"

"முப்பத்தொரு பேருக்கும். ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க கதவு." உறையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "நீங்க யாருக்குக் குடுத்தீங்கன்னு நான் இப்பக் கேக்கல. யோசிச்சுட்டுச் சொல்லுங்க."

அன்று மாலை அவள் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி கதவைத் திறந்து, "வா வா, முகம் ஏன் இப்படி வாடிக்கெடக்கு?" என்று உள்ளே கூட்டிப்போனாள். அண்ணன் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து கணுக்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"லெட்டர் போடறேன்னுதானே சொன்னீங்க?"

"போட்டாங்களே."

"லெட்டரா அது? கதவு போட்டோண்ணே!"

"நான் எடுக்கல. நான் பட்டியலக் குழுவுல குடுத்தேன், அவ்வளவுதான். எடுத்தவன் யாருன்னுகூட எனக்குத் தெரியாது." தைலத்தை மூடிவைத்தார். குரல் ஏறவே இல்லை. "சரி, எடுத்தான்னே வச்சுக்கோ. அதுல என்ன இருக்கு? ஒரு கெட்ட வார்த்தை இருக்கா? கதவு. தெருவுல போற நாய்கூடப் பாக்கற கதவு."

"அவங்க பயந்துட்டாங்க."

"தப்பு பண்ணாதவன் கதவப் பாத்து எதுக்குப் பயப்படறான்?"

அவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தலையணை உறையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"போலீசுக்குப் போகலாம்னு இருக்கேன்."

"தாராளமாப் போ. பட்டியல் எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. ஒவ்வொரு பக்கத்துலயும் உன் முத்திரை இருக்கு. அழிச்சுக் குடுத்திருக்கலாமே, ஏன் அழிக்கலன்னு உன்னைத்தான் கேப்பாங்க." அவர் எழுந்து வந்து, சின்ன வயதில் செய்வது போல அவள் தலையில் கைவைத்தார். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். உன் வீட்டுக் கதவும் தெருவுலதான் இருக்கு."

அந்தக் கை எப்போதும் இருக்கும் சூட்டோடுதான் இருந்தது. அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அவர் சொன்னது எச்சரிக்கையா, மிரட்டலா? அவருக்கே அது தெரிந்திருக்குமா என்று வீடுவரை யோசித்துக்கொண்டே நடந்தாள்.

மறுநாளிலிருந்து விலகல் கடிதங்கள் வர ஆரம்பித்தன. முடிதிருத்தும் கடைக்காரர் வந்தார். கிடங்கில் இரட்டை வேலை பார்க்கும் புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். காரணம் என்ற கட்டத்தில் எல்லோரும் 'சொந்தக் காரணம்' என்றே எழுதினார்கள். முத்திரை குத்தக் குத்த அவள் மணிக்கட்டு வலித்தது. முப்பத்தொன்று இருபதாகி, வெள்ளிக்கிழமைக்குள் ஒன்பதில் வந்து நின்றது.

சனிக்கிழமை அவள் அந்த ஒன்பது வீட்டுக்கும் போனாள். வழி கேட்க வேண்டியிருக்கவில்லை; விலாசங்கள் மனப்பாடமாகியிருந்தன. "பட்டியலக் குடுத்தது நான்தான். வாங்கினது என் அண்ணன்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். ஒரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு கிழவர் அவள் சொன்னது முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி, இப்ப நாங்க என்ன பண்ணணும்? உங்களுக்கு ஆறுதல் சொல்லணுமா?" என்று கேட்டார்.

தையல்காரம்மா மட்டும் அவளை உட்காரச் சொன்னாள்.

"வாயால சொன்னது காத்தோட போயிடும். எழுதிக் குடுங்க."

"எழுதினா என் வேலை போகலாம்."

"தெரியும்" என்றாள் அவள். காகிதத்தையும் பேனாவையும் தையல் மெஷின்மேல் வைத்தாள்.

முத்திரையம்மா எழுதினாள். என்றைக்கு, யார் கேட்டு, எந்த விதியின்படி கொடுத்தாள் என்பதோடு, மறைக்க முடிந்தும் தான் மறைக்கவில்லை என்பதையும் எழுதினாள். ஒரு பிரதி காவல் நிலையத்துக்கும் ஒரு பிரதி மன்றத்துக்கும் போயிற்று. காவல் நிலையத்தில், தையல்காரம்மா சேர்த்துக் கொண்டுபோன முப்பத்தொரு படங்களையும் சீட்டுக்கட்டு போலப் பிரித்துப் பார்த்த அதிகாரி, "கதவுதானே?" என்றார். அண்ணன் சொன்ன அதே வார்த்தை.

விழா நாள் வந்தது. நல்ல வெயில். சந்தை மைதானத்தைச் சுற்றியிருந்த கடைகளெல்லாம் பகல் பதினொரு மணிக்கே ஷட்டரை இறக்கியிருந்தன. யாரும் கடையடைப்பு என்று அறிவிக்கவில்லை. மைதானத்து வாசலுக்கு எதிரே, சாலையின் மறுபக்கம், நாற்பது ஐம்பது ஆண்கள் வரிசையாக நின்றார்கள். கோஷம் போடவில்லை, கையில் கல்லும் இல்லை, கம்பும் இல்லை. வாசலுக்குள் யார் நுழைந்தாலும் செல்போனை உயர்த்திப் படம் எடுத்தார்கள். எடுத்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார்கள். தூரத்திலிருந்து வந்த ஊர்க்காரக் குடும்பங்கள் அதைப் பார்த்ததும், ஏதோ மறந்துபோனது போல நெற்றியைத் தட்டிக்கொண்டு திரும்பிப் போயின.

முத்திரையம்மா வந்தபோது செல்போன்கள் உயர்ந்தன. அந்த முகங்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். பிறப்புச் சான்றிதழுக்கும் கட்டட அனுமதிக்கும் ஜன்னலுக்கு வந்து நின்ற முகங்கள். கடைசியில், இறங்கிய ஷட்டர் முன்னால், அண்ணன் நின்றார். அவர் கையில் செல்போன் இல்லை. அவளைப் பார்க்காமல் மைதானத்துக் கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே ஒன்பது கடைகளும், முப்பத்தொன்றுக்கென்று போட்ட பந்தலும் இருந்தன. மேடையில் ஒரு பெண் தன் மொழியில் பாடினாள். ஒலிபெருக்கியில் அது சாலைவரை கேட்டிருக்கும். மன்றத்தில் ஆதரவாக ஓட்டுப் போட்ட ஐந்து பேரில் ஒரே ஒருவர் வந்தார். மாலையை வாங்கிக்கொண்டு, பத்து நிமிடம் இருந்துவிட்டு, பின்வாசல் வழியாகப் போனார்.

ஐந்து மணிக்கு எல்லாவற்றையும் கட்டிவைத்தார்கள். சாலையில் நின்றவர்கள் இன்னும் நின்றார்கள்.

"நீங்க முன்னால நடங்க" என்றாள் தையல்காரம்மா. வேண்டுகோளா, தண்டனையா என்று தெரியாத குரல். முத்திரையம்மா முன்னால் நடந்தாள். பின்னால் ஒன்பது குடும்பங்கள், சாமான்களோடும் குழந்தைகளோடும் வந்தன. அவர்களுக்குப் பின்னால், இருபதடி இடைவெளி விட்டு, அந்த ஆண்களும் நடந்து வந்தார்கள். வேகமாக நடந்தால் வேகமாக, நின்றால் நின்று. செருப்புச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. ஒரு குழந்தை "அவங்க எங்க வர்றாங்க?" என்று கேட்டது. "நம்மகூடத்தான்" என்றாள் அதன் அம்மா.

அண்ணன் இரண்டு எட்டு முன்னால் வந்தார். "வீட்டுக்குப் போம்மா" என்றார் மெதுவாக.

"இவங்கள வீட்ல விட்டுட்டுப் போறேன்."

"நாளைக்கு இந்த ஊர்லதான் நீ இருக்கணும்."

"இவங்களும்தான்ணே" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அப்பா போனதிலிருந்து, முகத்துக்கு நேரே அவர் சொல்லை அவள் தட்டியது அதுதான் முதல் தடவை.

ஒவ்வொரு வீடாக நின்றார்கள். குடும்பம் உள்ளே போகும், தாழ்ப்பாள் விழும், ஊர்வலம் நகரும். கடைசியில் தையல்காரம்மாவும் உள்ளே போய்க் கதவைச் சாத்தியபோது, தெருவில் முத்திரையம்மா தனியாக நின்றாள். திரும்பினாள். தெரு அகலத்துக்கும் ஆண்கள். நடந்தாள். அவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி நடுவில் வழி விட்டார்கள். "பாத்துப் போங்கம்மா" என்றார் ஒருவர், ரொம்ப மரியாதையாக. அதைக் கேட்ட பிறகுதான் அவள் நடையை எட்டிப் போட்டாள். தெருமுனையில், எந்த நிறுத்தமும் இல்லாத இடத்தில், அவள் கணவன் காலிப் பேருந்தை நிறுத்திவைத்திருந்தான். ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்தான்.

விசாரணை நாலு மாதம் நடந்தது. விதி எதுவும் மீறப்படவில்லை என்று முடித்தார்கள். அவளை ஜன்னலிலிருந்து எடுத்து, மாடியில் பழைய கோப்பு அறைக்கு மாற்றினார்கள். சொந்த விலாசங்களைக் கட்டாயம் மறைக்க வேண்டும் என்று அவள் எழுதிக்கொடுத்த திருத்தத்தை மன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. செலவில்லாத காரியம் பாருங்கள். அடுத்த வருடம் விழா நிதியைப் பற்றி மன்றத்தில் பேச்சே எழவில்லை. கேட்டு யாரும் விண்ணப்பிக்கவில்லை.

தையல்காரம்மா ஊரைவிட்டுப் போவதற்கு முன்னால் கையிலிருந்த துணி எல்லாவற்றையும் தைத்து முடித்தாள். பொட்டலம் கட்டி, பெயர் எழுதி, பக்கத்து மருந்துக் கடையில் கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு மாதம் வரை ஊர்ப் பெண்கள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

முத்திரையம்மா மாத்திரை வாங்கப் போயிருந்த ஒரு மத்தியானம், அண்ணி அங்கே நின்றாள். விழாவுக்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுபோயிருந்தது. அண்ணி தன் பொட்டலத்தைக் கடையிலேயே பிரித்து, ரவிக்கையை வெளிச்சத்தில் பிடித்து, உள்தையலைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு நூல் பிசிறில்லை.

"என்ன சுத்தமான கை பாரு" என்றாள். "நல்லாத்தானே இருந்தா. ஏன்தான் போனாளோ!"

முத்திரையம்மா அண்ணியின் முகத்தையே பார்த்தாள். நடிப்பு ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். ஒன்றும் இல்லை. நிஜமான வருத்தம்தான் இருந்தது.

"இனி நமக்கு யாரு தைப்பா?" என்று கேட்டாள் அண்ணி.